திரையில் நம்மவர் – ஒரு பொழுதுபோக்குப் பார்வையாளனின் கருத்துகள்

திரைக்கலையை முறையாகக் கற்று ஆராய்வோர் உளர். இயக்குநர் ஒருவரின் பெயரைக் கேட்ட அளவிலேயே அவர்தம் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டும் மாணவர்கள் நம் துறையிலேயே இருக்கின்றனர். அவ்வரிசையில் எனக்கு இடமில்லை. சீறாப்புராணத்தில் ஆய்வு செய்து ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவன் நான். விடைத்தாள் திருத்திக் களைத்த இரவுகளிலும் விடுமுறை நாட்களின் பிற்பகல்களிலும் எது ஓடுகிறதோ அதைப் பார்ப்பவன். பாதியில் உறங்கிப்போய் முடிவு இன்னதென்று அறியாமலே விட்ட படங்களும் பல. இத்தகைய ஒருவன் திரைப்படம் பற்றி மலருக்குக் கட்டுரை எழுத முற்படுவது மிகையே. ஆயினும் சென்ற ஆண்டு கொல்லிமலைச் செம்மேட்டில் நம் கல்லூரி நடத்திய நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஐந்தாம் நாள் இரவு, இதனை எழுதுமாறு என்னை ஓராண்டாக வற்புறுத்திக்கொண்டே இருக்கிறது. அவ்விரவைச் சொல்லுமுன் நான் படம் பார்க்கக் கற்ற கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பம் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தைச் சேர்ந்தது. அத்தா மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்ற சிறு வணிகர். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து வாரம் இருமுறை செம்மேட்டுக்குச் செல்வார். பள்ளி விடுமுறைகளில் என்னையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. முப்பதாம் வளைவு வருவதற்குள் எனக்குத் தலை சுற்றும்; எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து முகரச் சொல்வார். மேலே சென்று சேர்ந்தால், ஊராட்சிக்குச் சொந்தமான ஒரே ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. ஆண்டெனாவைத் திருப்புவதற்கென்றே ஒருவர் கூரைமேல் நிற்பார். “வந்திருச்சா?” என அவர் கேட்பதும், “இன்னும் கொஞ்சம்” எனக் கீழிருப்போர் கூவுவதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தன.

1988 அக்டோபர் முதல் 1990 சூன் வரை ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பான மகாபாரதத் தொடரை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். உரையாடல் முழுதும் இந்தி. கூடியிருந்த அறுபது எழுபது பேரில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் யாதொரு குறையும் நேரவில்லை. தெருக்கூத்தில் வேடங்கட்டிய பெரியவர் ஒருவர் பெட்டியின் அருகில் அமர்ந்து, கண்ணன் இப்போது இதைச் சொல்கிறான், துரியோதனன் இதற்கு இப்படி விடை கூறுகிறான் எனத் தம் போக்கில் சொல்லிக்கொண்டே வருவார். சில வேளைகளில் திரையில் நடப்பதைவிட அவர் சொல்வது நீண்டுவிடும். அந்த இந்தி உரையாடலை எழுதியவர் இராஹி மாசூம் ரஸா என்னும் முஸ்லிம் எழுத்தாளர் என்பதை நான் கல்லூரிக்கு வந்தபின்னரே அறிந்தேன். ஒரு முஸ்லிம் எழுதிய பாரதத்தை, இந்தி அறியாத மலைவாணர் ஒருவர் தமிழாக்க, மிளகு வணிகரின் மகன் வாய்பிளந்து கேட்டான். தொலைக்காட்சி குறித்து எனக்குள்ள நல்லெண்ணம் அனைத்தும் அந்தக் கூடத்தில் பிறந்ததே.

அத்தாவுக்கு மிகவும் பிடித்த படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1956இல் எடுத்தது. தமிழின் முதல் வண்ணப்படம். ‘நம்ம சேலத்துப் படம்’ எனப் பெருமையோடு சொல்வார். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிறுவனத்தின் முகப்பு வளைவினை ஏற்காடு சாலையில் செல்லும்போதெல்லாம் எனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார். மனோன்மணீயத்தையும் (1942) பாரதிதாசனாரின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’யையும் (1950) திரைக்குக் கொணர்ந்த நிறுவனம் அது என்பது தமிழ்த்துறையினர் நன்றியோடு நினைக்கத்தக்கது. இப்போது மீண்டும் பார்க்கையில் ‘அலிபாபா’வின் அரங்க அமைப்பு அட்டைப்பெட்டி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒன்று: அப்படத்தில் அலிபாபாவும் காசிமும் மார்ஜியானாவும் நல்ல தமிழ் பேசுகின்றனர். பாரசீகக் கதையாயிற்றே, தமிழைச் சிதைத்துப் பேசவேண்டுமே என அன்று எவரும் எண்ணவில்லை.

அந்த எண்ணம் பின்னர் எங்கிருந்தோ புகுந்தது. வண்ணக் கைலி, பச்சை இடைவார், தலையில் குல்லா, வாயில் ‘நம்பள் நிம்பள்’ எனும் மொழி. இவ்வுருவத்தைப் பல படங்களில் காணலாம். வட்டிக்குப் பணம் கொடுப்பவராகவோ, கறிக்கடை வைத்திருப்பவராகவோ, சிரிப்புக்குத் துணையாகவோ அவர் வந்து போவார். சேந்தமங்கலத்திலும் இராசிபுரத்திலும் நான் அறிந்த இராவுத்தர் வீடுகளில் எங்கும் இம்மொழி இல்லை. என் நன்னியம்மா உருதுவில் ஒரு சொல்லும் அறியார். அவர் வைத அத்தனை வசைகளும் தூய கொங்குத் தமிழ். எனினும் எட்டாம் வகுப்பில் என் பெயர் ‘நம்பள்கி’ ஆயிற்று. ஆசிரியர் ஒருவரும் ஒருமுறை அப்பெயரால் அழைத்தார், வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிக்காமலிருக்க வேறு வழி அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஈண்டு உமறுப்புலவரை நினையாதிருக்க இயலவில்லை. அரபு நாட்டைப் பாட வந்த அவர், நாட்டுப்படலத்தில் மலைமீது தமிழ் மழையைப் பெய்வித்து, ஆறு பெருகச் செய்து, வயலில் நெல்லை விளைவித்தார். பாலை நிலத்து மக்களையும் தம் கேட்போருக்கு அண்டை வீட்டாராக்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். நம் திரைப்படமோ அண்டை வீட்டில் குடியிருப்பவரை எந்த நிலத்துக்கும் உரியரல்லாத ஒருவராக ஆக்கிக் காட்டியது. முந்நூறு ஆண்டுக்கு முன்பிருந்த புலவருக்குக் கைவந்தது, படக்கருவியும் பெரும்பொருளும் உடையோர்க்கு ஏன் கைவரவில்லை என்பது ஆராய்தற்குரியது.

விதிவிலக்குகளும் உண்டு. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் நாகையா ஏற்ற இஸ்மாயில் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார் என்றே தோன்றும். அப்படத்தின் மதநல்லிணக்கம் சற்று உரத்த குரலில் பேசுவதுதான். என்றாலும் அவர் பேசும் தமிழ் நம் தமிழ். ‘பாட்சா’ (1995) படத்தில் நண்பன் அன்வர் கொல்லப்பட, நாயகன் அவன் பெயரைத் தன் பெயராகக் கொள்கிறான். திரையரங்கே அதிர்ந்த அப்பெயரில் நானும் என் நண்பர்களும் மகிழ்ந்தது உண்மை. ஆனால் முஸ்லிம் நண்பன் இடைவேளையைக் கடந்து உயிரோடு இருக்கும் படம் ஏதேனும் உண்டா என என் தம்பி கேட்டபோது, விரல்விட்டு எண்ணத் தொடங்கி இரண்டாம் விரலிலேயே நிறுத்தினேன்.

‘ரோஜா’ (1992) வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ரகுமானின் இசையில் ஊரே மயங்கியது; நானும் மயங்கினேன். தொழுகைக் காட்சியையும் கொடி எரியும் காட்சியையும் அடுத்தடுத்துக் கண்டபோது அரங்கில் எழுந்த கைதட்டலில் என் கை சேரவில்லை. ஏன் என்று அன்று சொல்லத் தெரியாது. தொழுகின்ற கையும் துப்பாக்கி ஏந்திய கையும் ஒருவனுடையதாகவே காட்டப்பட்டது என் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். ‘பம்பாய்’ (1995) அதனினும் நேர்மையான முயற்சி என்பது என் கருத்து. அதில் இந்துத் தந்தையாக நாசரும் முஸ்லிம் தந்தையாகக் கிட்டியும் நடித்தனர். இம்மாற்றம் ஒன்றே அப்படத்தின் பல வசனங்களைவிட எனக்கு உவப்பானது.

2013 சனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்திற்கு எதிராக முஸ்லிம் அமைப்புகள் கிளர்ந்ததும், தமிழக அரசு தடை விதித்ததும், சில காட்சிகளில் ஒலி நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7ஆம் நாள் படம் வெளிவந்ததும் பலரும் அறிந்தவை. அப்போது நம் ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு அணிகள். தடை செய்யும் கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. கலைக்குப் பூட்டுப் போடுவோர் நாளை நம் நூல்களுக்கும் பூட்டுப் போடுவர் என்றேன். ஆயினும் அவர்தம் சினத்தில் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை நான் கண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தம்மைப் பற்றிய படம் தவறாக வரையப்படும்போது எழும் வலி மெய்யானது. அவ்வலியை அறிந்தவன் என்ற தகுதி எனக்குண்டு எனப் பல்லாண்டு எண்ணியிருந்தேன். செம்மேடு அதனைத் திருத்தியது.

முகாமின் ஐந்தாம் நாள் இரவு. பகலெல்லாம் மாணவர்கள் பள்ளிக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தனர். இரவில் ஊராருக்குப் படம் காட்டுவது வழக்கம். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திற்குப் பின்னர் மலையில் தொலைக்காட்சி அரிதன்று. கையில் கைப்பேசியும் உண்டு. என்றாலும் திறந்தவெளியில் வெள்ளைத்துணி கட்டிப் பெரிதாய்ப் பார்ப்பதற்கு மக்கள் கூடவே செய்கின்றனர். பழைய வண்ணப்படம் ஒன்றைத் தெரிவு செய்தவன் நானே. குடும்பத்தோடு பார்க்கத்தக்கது, சண்டை குறைவு, பாட்டு மிகுதி என்பன என் அளவுகோல்கள். இடையில் மலைவாழ் மக்கள் ஆடுவதாக ஒரு பாட்டு வருவதை நான் பொருட்படுத்தவே இல்லை. இலை தழையாலான ஆடை, தலையில் இறகு, முகத்தில் கரி, பொருளற்ற கூச்சல், நடுவில் வெள்ளைப் புடவையில் நகரத்து நாயகி.

கூட்டம் முதலில் திகைத்தது. பின் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முதியவள், “இவங்கல்லாம் எந்தச் சீமைக்காரங்க?” என்றாள். பெரும் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்தம் மரபுக்கதை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு எனத் தம் நிலத்தை இன்றும் நாடுகளாகவே வழங்குவோர். சாமையும் மிளகும் பலாவும் அன்னாசியும் விளைவிப்போர். திரையில் ஆடியவரை அவர்கள் அடையாளம் காணாததில் வியப்பில்லை.

அக்கூட்டத்தில் நம் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரும் இருந்தார். வாழவந்தி நாட்டைச் சேர்ந்தவர். ஊர் செம்மேட்டுக்கு அண்மையில்தான். அவர் மட்டும் எழுந்து இருளில் போனார். மறுநாள் காலை வல்வில் ஓரியின் சிலையருகே அவரைக் கண்டு, உடல்நலமில்லையா என வினவினேன். சற்று நேரம் பேசவில்லை.

“ஐயா, விடுதில நான் குளிக்கப் போனா இந்தப் பாட்டத்தான் பாடுவாங்க. மொத வருசத்துல இருந்தே. இங்க, எங்க ஊருலயே வந்து அதப் போடுவீங்கன்னு நெனைக்கல.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முடிக்கவில்லை.

“ஒரு தடவ வகுப்புலயும் பாடுனாங்க. நீங்க வந்துட்டீங்க. நீங்களும் சிரிச்சீங்கய்யா.”

எனக்கு அந்த நாள் நினைவில்லை. அவருக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்னைப் பெயர்சொல்லி அழைத்த ஆசிரியருக்கும் அந்த நாள் நினைவிருக்க வாய்ப்பில்லை. விஸ்வரூபத்தின்போது ஓய்வறையில் இரண்டு அணியாக நின்று வாதிட்ட நாங்கள் ஒருவரேனும், இலை தழை ஆடையைப் பார்த்து ஒருநாளும் முகஞ்சுளித்ததில்லை. எங்கள் படம் பிழையாக வரையப்பட்டபோது எங்களுக்கு வலித்தது. மலையகத்தார் படம் பிழையாக வரையப்பட்டபோது அது நல்ல பாட்டாக மட்டுமே இருந்தது.

அன்று நாங்கள் நின்ற இடம் ஓரியின் சிலை என்பதால் புறநானூற்றின் 152ஆம் பாட்டு என் நினைவில் எழுந்தது இயல்பே. வன்பரணரும் அவருடன் சென்ற பாணரும் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கின்றனர். ஓரம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன். புலவர் அவனைக் கூர்ந்து நோக்குகிறார். விலைக்குக் கொல்லும் வேட்டுவன் போலத் தோன்றவில்லையே, ஓரியாக இருப்பானோ எனத் தமக்குள் வினவுகிறார். பாடி முடித்தபின் தம் பெயர் சொல்லப்பட்டதற்காக நாணி நிற்கிறான் அவன். யார் என்று சொல்லிக்கொள்ளாமலே ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் தருகிறான். இப்பாட்டை இருபது ஆண்டாக ஓரியின் கொடைக்குச் சான்றாக மட்டுமே நடத்தி வந்தேன். புலவர் பார்த்த பார்வை எனக்குத் தென்படவில்லை. வேட்டுவன் ஒருவனைக் கண்டு, இவன் யாவனோ என நின்று வினவியவர் அவர். அந்த வினா எழுந்த இடத்தில் ‘ஜிங்கு ஜிங்கு’ எனும் பாட்டு எழவில்லை.

கல்லூரிக்குத் திரும்பிய பின் அம்மாணவரும் நானும் சில படங்களைச் சேர்ந்து பார்த்தோம். அவற்றுள் முதலாவது ‘மலைக்கள்ளன்’ (1954). நம் மாவட்டத்து மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் புதினம். கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் படம். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. எம்.ஜி.ஆர். மலைமேல் மறைந்து வாழும் கள்ளன். ஊருக்குள் அப்துல் ரகீம் என்னும் முஸ்லிம் வணிகராக வேடம் புனைந்து உலவுவார். விறுவிறுப்பான படம் என்பதில் ஐயமில்லை. அடுத்த ஆண்டே இந்தியில் ‘ஆசாத்’ ஆயிற்று. யூசுப்கான் என்னும் இயற்பெயருடைய திலீப்குமார் அதில் நாயகர் என்பது ஒரு சுவையான செய்தி. படம் முடிந்ததும் மாணவர் சொன்னார்: “மலை ஒளியற எடமா இருக்கு, பாய் ஒளியற வேசமா இருக்காரு. ரெண்டு பேரும் நெசமில்லீங்கய்யா.” ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கருத்து எனக் கருதுகிறேன். நான் சிறுவயதிலிருந்தே அப்துல் ரகீமை மட்டுமே கவனித்து வந்தவன். மலை என் கண்ணில் பட்டதில்லை.

‘பேராண்மை’ (2009) பழங்குடி வனக்காவலர் ஒருவரை நாயகனாக்கியதற்காகப் போற்றத்தக்கது. பின்பாதி ஏவுகணைக் கதையில் எனக்கு உறக்கம் வந்தது. மாணவருக்கு அது மிகவும் பிடித்தது. அவமதிக்கும் அதிகாரியின் முன் நாயகன் வாய்மூடி நிற்கும் காட்சியை இருமுறை ஓட்டிப் பார்த்தார். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இருவருக்கும் பிடித்தது. சுமை தூக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டுமென ஆசைப்படுகிறான், வாங்குகிறான், இழக்கிறான், இறுதியில் அதே நிலத்தில் காவலாளியாக அமர்கிறான். லெனின் பாரதி அதில் எவரையும் ஆட வைக்கவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ஓசை கேட்கிறது. மூட்டையோடு மலையேறும் கால்களைப் பார்த்து, “எங்க தாத்தா இப்படித்தான் சேந்தமங்கலம் சந்தைக்கு எறங்குவாரு” என்றார் மாணவர். அவர்தம் பாட்டனாரிடம் என் பாட்டனார் மிளகு வாங்கியிருக்கவும் கூடும்.

தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. சன் தொலைக்காட்சி 1993இல் தொடங்கியது முதல் எங்கள் வீட்டில் இரவு உணவு அத்தொடர்களின் நேரப்படியே நடந்தது. ‘சித்தி’யையும் ‘மெட்டி ஒலி’யையும் அம்மா கண்ணீரோடு பார்த்தார். அத்தனை வீடுகளையும் ஆண்டுக்கணக்கில் எட்டிப்பார்த்த எனக்கு, நோன்புக் கஞ்சி காய்ச்சும் ஒரு சமையலறை நினைவில் நிற்கவில்லை. ரமலான் நாளில் சிறப்பு நிகழ்ச்சியாகப் பிரியாணி செய்து காட்டுவர்; மறுநாள் நாம் மறைந்துவிடுவோம்.

அயலார் படங்கள் இரண்டினைக் கூறல் வேண்டும். மலையாளத்தில் ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018): மலப்புறத்தில் கால்பந்தாட வந்து அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் ஆப்பிரிக்க இளைஞனை இரு முஸ்லிம் மூதாட்டியர் பேணுகின்றனர். அவர்கள் முஸ்லிம்கள் என்பது படத்தில் ஒரு செய்தியே அன்று. ஈரானில் மஜீத் மஜீதி எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997): தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன் தன் காலணியை அவளோடு மாற்றி மாற்றி அணிகிறான், காலணி மூன்றாம் பரிசு என்பதால் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வர முயன்று, முதலாவதாக வந்து அழுகிறான். எழுபது வளைவு தாண்டிப் பள்ளிக்கு வந்த மாணவர் அக்காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலியின் வீட்டுப் பேச்சு பாரசீகம். ஒரு சொல்லும் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. பெட்டியருகில் அமர்ந்து கதை சொன்ன கூத்துக்காரரை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாணவர் ஒரு வினாத் தொடுத்தார். “ஐயா, உங்க வீட்டுல பேசற மாதிரி ஒரு பாய் பேசற தமிழ்ப் படம் எது?” நான் ‘பாவமன்னிப்பு’ என்றேன். அறுபது ஆண்டுக்கு முந்தியதாயிற்றே என்றார். “உங்கள் வீட்டில் பேசுவது போல்?” என நான் திருப்பிக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். இன்னும் விடை வரவில்லை.

இவ்வாண்டு முகாமும் செம்மேட்டிலேயே. ஊராருக்குக் காட்டும் படத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பு அம்மாணவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்னர் அவர் குறித்துத் தந்த நான்கு படங்களையும் துறைக் கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் மூன்று மணிக்குத் திரையிட்டுப் பேசவிருக்கிறோம். நாற்காலிகள் போதா; வருவோர் பக்கத்து வகுப்பறையிலிருந்து எடுத்து வரவும். விடுதி மாணவர்கள் தவறாது வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.